காலியான முதல் ஸ்லைடு

நேற்று மாலை சாப்பாட்டு மேசைமேல் மகளின் மடிக்கணினி திறந்திருந்தது. அபுதாபியில் வேலைக்குச் சேர்ந்தபின் சனி, ஞாயிறு மட்டும்தான் துபாய் கராமாவில் இருக்கும் என் வீட்டுக்கு வருகிறாள். வந்தாலும் அலுவலகம் கூடவே வந்துவிடுகிறது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு ஸ்லைடுகள் தயாராகிக்கொண்டிருந்தன. தேநீரை வைக்கப் போனவன் திரையைப் பார்த்தேன். முதல் ஸ்லைடு வெள்ளையாக இருந்தது. தலைப்பு இல்லை, படம் இல்லை. இரண்டாவதிலிருந்துதான் விஷயம் தொடங்கியது.

"முதல் பக்கம் காலியா இருக்கேம்மா" என்றேன்.

"லீவ் இட், டாட்" என்றாள், கண்ணை எடுக்காமல்.

உன் வேலைதான் அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் என் வீட்டில் உன் ராஜ்ஜியம்தான் நடக்கிறது.

தொழிலாளர்களின் வெயில் காலத்து மதிய ஓய்வு பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவதற்காக நான் ஜெபல் அலி கிடங்குகளுக்கு வந்தபோது பழக்கமானவன் நீ. அந்தச் செய்தி அச்சாகி, எல்லோருக்கும் மறந்தும் போனது. நீ மட்டும் லீவு நாளெல்லாம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாய். அப்படி வந்த ஒரு நாள், செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணே, வசமா மாட்டிக்கிட்டேன்" என்றாய்.

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டி ஓட்டி இடுப்பு போனபின் உன்னைச் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். வேர்ஹவுஸுக்கு வரும் புது ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது உன் பொறுப்பு. இனி வாயால் சொன்னால் போதாது, ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசம் அவரு முன்னாடி செஞ்சு காட்டணுமாம். தெரியலைன்னா கலாஸ், கத முடிஞ்சுது, திரும்பவும் ஃபோர்க்லிஃப்ட்தான். இந்த இடுப்ப வச்சுக்கிட்டு எப்புடிண்ணே?"

நான்தான் முதலில் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். டெம்ப்ளேட் என்றால் என்ன, லேஅவுட் என்றால் என்ன என்று வரையறையிலிருந்து ஆரம்பித்தேன். கொட்டாவியை அடக்கி அடக்கி உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பக்கமாகப் போன மகள் நின்று பார்த்தாள். "டாட், மூவ்" என்று சொல்லி என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. இங்கேயே வளர்ந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வார இறுதித் தமிழ் வகுப்பில் சேர்த்துப் பார்த்தேன், ஊரிலிருந்து கதைப் புத்தகங்கள் வரவழைத்துப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. உனக்கோ டூட்டி, கேம்ப் என்று வேலையிடத்துச் சொற்களைத் தாண்டி ஆங்கிலம் கிடையாது. வேறு வழியில்லாமல் அவள் தமிழுக்கு வந்தாள்.

"மாமா, அந்தப் பெட்டிக்குள்ள க்ளிக் பண்ணுங்க. இல்ல, உள்ள. இப்ப டைப் பண்ணுங்க."

"டீச்சர், எழுத்து பொட்டிய விட்டு வெளிய ஓடுது."

"நீங்க பேசற மாதிரியே எழுதறீங்க, அதான். ஒரு ஸ்லைடுல ஒரு விஷயம் போதும்."

அங்கிள் வேண்டாம், மாமா என்று கூப்பிடு என்று முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டாய். பதிலுக்கு அவளை டீச்சர் ஆக்கினாய். படங்களை அசைய வைக்கக் கற்றுக்கொண்ட வாரம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. ஒரு ஃபோர்க்லிஃப்ட் திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பாய்ந்தது.

"ஃபோர்க்லிஃப்ட் பறக்குமா மாமா?"

"எங்க டிரைவருங்கள நீ பாத்ததில்ல. பறக்கும்."

அவள் சிரித்தாள். நான் அடுத்த அறையில் ஒரு செய்தியைத் திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தேன். அத்தனை தமிழ் வாக்கியங்களை அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் சொன்னதே இல்லை. நடுவில் எழுந்து போய், "அது 'தலைக்கவசம்', நடுவுல 'க்' விட்டுப்போச்சு" என்றேன். "ஓகே, டாட்" என்றாள். பேச்சு நின்றது. நான் திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பித்தது. எனக்கு வந்தது பொறாமை. வேறு மென்மையான சொல் தேடிப் பார்த்தேன், பொருந்தவில்லை.

மேனேஜர் முன்னால் செய்து காட்டிய நாள் மதியம் கூப்பிட்டாய். "எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். "டீச்சர்ட்ட குடுங்கண்ணே" என்றாய். கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள், அந்த மட்டும் எனக்குக் கிடைத்தது.

கடைசி நேரத்தில் புது ஸ்லைடு ஒன்றைச் சேர்க்கப் போய் அது முன்னால் உட்கார்ந்துவிட்டதாம். திரை வெள்ளை. பதற்றத்தில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதே மறந்துவிட்டதாம்.

"மேனேஜரு என்னையே பாக்குறாரு. புதுசா வந்த பயலுவ எல்லாம் வெள்ளத் திரைய பாக்குறானுவ. சரின்னு ஒவ்வொருத்தனையா, பாய் உன் பேரென்ன, எந்த ஊரு, வீட்ல யாரு இருக்கான்னு இந்தியில கேட்டேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ள பொத்தான் ஞாபகம் வந்துடுச்சு டீச்சர். வகுப்பு முடிஞ்சதும் மேனேஜரு வந்து, மத்தவங்க எடுத்தவுடனே ஹெல்மெட்டக் காட்டுறாங்க, நீ ஆளப் பாத்துட்டு ஆரம்பிக்கிறே, இப்படியே செய்யின்னாரு."

மகள் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். "அத டெலீட் பண்ணாதீங்க மாமா" என்றாள்.

நீ அதை எடுக்கவேயில்லை. இடுப்பும் பிழைத்தது, சூப்பர்வைசர் வேலையும் நிலைத்தது. லீவில் ஊருக்குப் போனவன் அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனாய் என்று உன் தம்பியின் குரல் பதிவு வந்தபோது, நான்தான் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நின்றேன். எனக்கு நீ அத்தனை வருடப் பழக்கம். ஆனாலும் என் துக்கத்தைவிட அவள் துக்கம் பெரிதாக இருந்தது. அன்றும் எனக்கு அதேதான் வந்தது. இறந்தவனிடம் போய்ப் பொறாமைப்படுகிறோமே என்று கூச்சமாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

நேற்று தேநீரை வைத்துவிட்டு நான் நகரவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தெரிந்த வேலைதான், இருந்தாலும் கேட்டேன்: "டீச்சர், இந்தப் படத்த எப்படிப் பறக்க வைக்கிறது?"

அவள் விரல்கள் நின்றன.

"அப்படிக் கூப்பிடாதீங்கப்பா. அது மாமா வச்ச பேரு."

பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். "முதல்ல படத்து மேல க்ளிக் பண்ணுங்க" என்றாள்.

டீச்சர் என்ற பெயர் எனக்குக் கிடைக்காது. அதை நீயே வைத்துக்கொள். டாட் என்றே கூப்பிட்டவள் அப்பா என்று சொன்னதை நான் வைத்துக்கொள்கிறேன். அதுவும் உன் வழியாகத்தான் வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.