மூன்று அடியும் ஒரு ஹேயும்

ஜனவரி 4, ஞாயிறு

காலையிலேயே கொதிக்கிற வெயில். மெல்பேர்ன் கிரெய்கிபர்ன் மண்டபத்தில் கோலாட்டப் பயிற்சி. ஏசி வேலை செய்யவில்லை. எட்டுப் பெண்கள், எட்டு முகத்திலும் வியர்வை.

பொங்கல் விழாவுக்கு இன்னும் இரண்டு கிழமை. போன வருடம் நாங்கள் ஆடத் தொடங்கியதும் சபை எழும்பித் தேத்தண்ணி வரிசைக்குப் போய்விட்டது. குழுத் தலைவி பத்மா அன்ரி இன்று சொல்லிவிட்டார்: "இந்த முறையும் சனம் எழும்பினால் குழுவைக் கலைச்சுப் போடுவன். வெறுங் கதிரைக்கு ஆடிக் காட்ட எனக்கு ஏலாது."

ஜெர்மனியை விட்டு வந்து இரண்டு வருடம். இந்த ஏழு பேரை விட்டால் மெல்பேர்னில் எனக்கு யார்?

வாங்க வேண்டியவை: பச்சரிசி, சர்க்கரை, சன்ஸ்கிரீன்.

ஜனவரி 7, புதன்

மழை, குளிர். இந்த ஊர் வானத்தை நம்பி உடுப்புத் தோய்க்க முடியாது.

கராஜில் கிடந்த சின்தசைசர் கீபோர்டைத் தூசி தட்டி எடுத்தேன். டோர்ட்முண்டில் என் முதல் சம்பளத்தில் வாங்கியது. அந்தக் காலத்துச் சனிக்கிழமை டிஸ்கோ! ஜெர்மன்காரர், இத்தாலிக்காரர், ஒல்லாந்துக்காரர், யார் செய்த பாட்டானாலும் அடியில் அதே டும் டும் டும் டும். சொல் விளங்காமலே ஆடினோம். பிறகு பார்த்தால் தமிழ்ச் சினிமாப் பாட்டிலும் அது. இப்போது மகள் பிருந்தாவின் ஜிம்மிலும்.

கோலாட்டப் பாட்டை நானே பாடி, கீழே அந்த டும் டும்மைப் போட்டுப் பதிவு செய்தேன். பிருந்தா எட்டிப் பார்த்தாள். "அம்மா, சோ நைன்டீஸ்!" வாய்தான் சொன்னது. கால் தாளம் போட்டதைக் கண்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

படுதோல்வி. எங்கள் கோலாட்டம் மூன்று மூன்று அடி. மெஷினுக்கு நான்கு. ஒவ்வொரு முறையும் ஒன்று மிச்சம், அந்த இடத்தில் எல்லோரும் தடுமாற்றம். என் கோல் கோயம்புத்தூர் சுமதியின் முழங்கையில். "அய்யோ, கைய உடைச்சிராதீங்க!"

பத்மா அன்ரி கோலைக் கீழே வைத்தார். "ஜெர்மன்காரியின்ர மெஷின் எங்களுக்குச் சரிவராது."

அழுகை வந்தது. அப்போதுதான் டிஸ்கோ ஞாபகம். அங்கே பாட்டில் வெறும் இடம் வந்தால் கூட்டமே கத்தும்.

"அன்ரி, மூண்டு தட்டுவம். நாலாவதுக்குக் கோலை உயர்த்தி 'ஹேய்' எண்டு கத்துவம்."

"விழாவில கோயில் ஐயரும் இருப்பார், பிள்ளை."

"அவரும் கத்தட்டுமே!" என்றாள் சுமதி.

மூன்று அடி, ஹேய். மூன்று அடி, ஹேய். பொருந்திவிட்டது! அன்ரி மட்டும் கத்தவில்லை. உதடு அசைந்தது.

ஜனவரி 17, சனி

விழா. சேலை ஊசி இரண்டு தொலைந்தது. நாங்கள் மேடையேறியதுமே நாலைந்து பேர் எழும்பினார்கள்.

மூன்று அடி. ஹேய்! எங்கள் எல்லோரையும் மிஞ்சி ஒரு குரல். பத்மா அன்ரி! எழும்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சபையே கத்தியது, ஐயர் உட்பட. சந்தோசத்தில் கோலைத் தவறவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

முடிந்ததும் தேத்தண்ணிக்காரர் வடைத் தட்டோடு கோபமாக வந்தார். "என்ன அன்ரி இது? ஒரு சனமும் வரேல்லை. வடை எல்லாம் ஆறிப்போச்சு."

அன்ரி ஒன்றை எடுத்துக் கடித்தார். "ஓம் தம்பி, நல்லா ஆறிப்போச்சு. என்ன ருசி!"