கூரைச் சிவப்பு வண்டி

அக்டோபர் 8

வண்டி வந்துவிட்டது. இல்லை, 'வந்தது' என்று எழுதினால் பொய். பக்கத்து வீட்டு டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்து ஈரப்பலா மரத்தடியில் போட்டுவிட்டுப் போயிற்று. பழைய ஜப்பான் பிக்கப். முன்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வழி முழுக்க எழுந்திருக்கவே இல்லையாம்.

வளர்த்த பன்றிகளில் தாய்ப்பன்றியைத் தவிர எல்லாவற்றையும், இந்த வருட வள்ளிக்கிழங்கில் நல்லதையும் கொடுத்து அப்பா இதை வாங்கியிருக்கிறார். அம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "இது வண்டியா, செத்த வண்டியோட எலும்பா?" என்றாள். அவ்வளவுதான்.

பஸ் ஓட்டுகிற ஃபொலாவு ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி வந்து சிரித்தான். "கெலெபி அண்ணே, பன்னியக் குடுத்தா இதை வாங்கினீங்க? பன்னி மேலயே ஏறி உக்காந்திருந்தா இந்நேரம் டவுனுக்குப் போய்ச் சேந்திருக்கலாமே!" பஸ்ஸில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் வகுப்புப் பெண்களும்தான்.

அவன் பஸ் ஒழுங்காக ஓடினால் நாங்கள் ஏன் இதை வாங்கப் போகிறோம்? அடுத்த வருடம் எனக்குக் கடைசிப் பரீட்சை. மாலையில் தனி வகுப்பு உண்டு. அது முடிகிற நேரத்துக்கு எங்கள் ஊர் கொலோவாய்க்கு ஒரு பஸ்ஸும் கிடையாது. அவன் அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பான்.

பஸ் இல்லாத பெண்கள் நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். எனக்கு அங்கே இருப்பது அப்பாவின் அக்காள் லவீனியா அத்தை. அங்கே போகக் கூடாது என்றுதான் இந்த வண்டி.

அதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது. போர்வைக்குள் டார்ச் சூடாகிவிட்டது.

அக்டோபர் 15

எழுதிவிடுகிறேன். என் அக்கா லெசியெலியும் படிக்கத்தான் அத்தை வீட்டுக்குப் போனாள். முதலில், பள்ளி விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் கடையைப் பார்த்துக்கொள் என்றார்கள். பிறகு காலையிலும் கொஞ்ச நேரம். பிறகு சாமான் வருகிற நாளெல்லாம். பிறகு பள்ளியே இல்லை. யாரும் அவளை நிறுத்தவில்லை. யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்! இப்போது அத்தை கடையின் கம்பி வலைக்குப் பின்னால் நின்று, ஒரு சின்ன ஓட்டை வழியாக டின் மீனும் சோப்பும் நீட்டுகிறாள்.

அத்தை கேட்டால் அப்பா என்ன செய்வார்? கொடுப்பார். அக்காள் கேட்டதைத் தம்பி மறுப்பது என்பது இந்த டோங்கா தீவுகளில் எங்கேயாவது நடந்திருக்கிறதா? தம்பியின் பொருளும் அவளுடையது, தம்பியின் பிள்ளைகளும் அவளுடையவர்கள். கல்யாணமானாலும் சாவானாலும் அத்தைக்குத்தான் உயர்ந்த பாய், முதல் பங்கு. அத்தை இருக்கிற அறைக்குள் அப்பா வரக்கூட மாட்டார். வாசலில் நின்று தரையைப் பார்த்துப் பேசுவார்.

எல்லோரும் இதை எவ்வளவு அழகான வழக்கம் என்கிறார்கள். கம்பி வலைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அக்டோபர் 29

வண்டியின் தரை முழுவதும் துரு. உட்கார்ந்தால் கால்களுக்கு நடுவே புல் தெரிகிறது. கடற்காற்று தின்றது போக மீதியைக் கோழி எச்சம் தின்றிருக்கிறது. கம்பித் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து என் விரல் மடிப்பெல்லாம் காப்பி நிறம். வகுப்பில் கையை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தேன்.

புயலில் பறந்த கூரைத் தகட்டை வெட்டி அப்பா தரையில் வைத்து அடித்தார். நான் அடியில் படுத்து ஆணி முனையை மடக்கினேன். கண்ணில் துரு விழுந்து கத்தியபோது, "கண்ண மூடிக்கிட்டு மடக்கு. கைக்குத் தெரியும்" என்றார். அன்று முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

நவம்பர் 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய இங்கே சட்டம் விடாது, சுத்தியல் சத்தம் கேட்டால் போலீஸ் வரும். காலையிலும் மாலையிலும் தேவாலயம். நடுவே மண்ணடுப்பு உணவு, தூக்கம். அப்பா தூங்கவில்லை. ஓசைப்படாமல் வண்டிக்குள் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 19

ஓடிற்று! ஓடிற்று!

டீசல் குழாயில் காற்று நின்றிருக்கிறது. அதை வெளியேற்றும் திருகு இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது, அப்பாவின் கை உள்ளே போகாது. என் கை போயிற்று. நான் தளர்த்த, அவர் கைப்பம்பை அழுத்த, நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமான டீசல் வந்தது. இறுக்கினேன். அப்பா சாவியைத் திருப்பினார். முதலில் இருமல். பிறகு ஊர் முழுவதும் கறுப்புப் புகை. மரத்திலிருந்த வௌவால்கள் எல்லாம் கிளம்பிவிட்டன.

அம்மா வெளியே வந்து, "துணி காயப் போட்டிருக்கேன்யா!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள்.

நவம்பர் 26

தேவாலயக் கூரைக்கு அடித்த சிவப்புப் பெயின்டில் மிச்சம் இருந்தது. பாதிரியார் சும்மா கொடுத்தார். ஃபொலாவு பஸ்ஸை நிறுத்தி, "அண்ணே, ஞாயித்துக்கிழமை இதுக்குள்ளயே பிரசங்கம் வெச்சுக்கலாமா?" என்றான். சிரிக்கட்டும். இன்று அப்பா அவனைத் தாண்டிக்கொண்டு போனார்.

டிசம்பர் 3

அத்தை ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். புது வருடம் கழிந்து வருவாளாம். "வண்டி நல்லா வந்திருக்காமே, பாக்கணும். ஹெய்லாலாவும் துணிமணி எடுத்து வெக்கட்டும்."

வண்டியும் நானும். ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டுவிட்டாள்.

அப்பா சாப்பிட்டார். கை கழுவினார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே இல்லை அந்த முகத்தில்.

டிசம்பர் 10

கொடுத்துவிட்டார்.

அத்தைக்கு இல்லை. செமிசி மாமாவுக்கு! அம்மாவின் தம்பிக்கு! தோட்டத்திலிருந்து வந்து பார்க்கிறேன், மரத்தடி காலி. எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. "எங்கேம்மா வண்டி?" என்றேன். "மாமா எடுத்துட்டுப் போயிட்டான். இனிமே அவனோடது" என்றாள் அம்மா, பாய் முடைகிற கையை நிறுத்தாமல்.

விற்றாரா? இல்லையாம். கடனாகவா? இல்லையாம். சும்மா! அக்காள் கேட்பதற்கு முன்னால் மைத்துனனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார்! இவருக்குக் கொடுப்பதைத் தவிர வேறு ஏதாவது தெரியுமா? என் கையில் துரு இன்னும் போகவில்லை. நான் படுத்துக் கிடந்த தரை அது. என் கண்ணில் விழுந்த துரு. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

நேராகப் போய், "ஏம்ப்பா?" என்றேன். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "உன் அத்தையப் பத்தி என் வாயால ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். நான் அத்தையைப் பற்றிக் கேட்கவே இல்லையே! வண்டியைப் பற்றித்தானே கேட்டேன்?

டிசம்பர் 11

அப்பாவோடு பேசுவதில்லை.

டிசம்பர் 17

செமிசி மாமா தேவாலயத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டியில் போகிறார். ஹார்ன் அடித்து, "என்ன மகாராணி, ஏறிக்கிறீங்களா?" என்கிறார். டோங்காவில் மாமாமார் எல்லோருமே அப்படித்தான், மருமகளை அரசி மாதிரி நடத்துவார்கள். கேட்டதைக் கொடுப்பார்கள். சின்ன வயதில் அவர் தட்டிலிருந்த கறியை அள்ளித் தின்பேன், சிரிப்பார். இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். வெயில். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இன்ஜின் சத்தம் காதுக்கு எட்டாமல் போகும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன், எங்கேயாவது தட்டுகிறதா என்று.

ஜனவரி 9

பெட்டி எடுத்து வைக்கச் சொன்னாள் அம்மா. வைத்தேன். அழவில்லை. அழுதால் சரி என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஜனவரி 14

இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையிலேயே செமிசி மாமா விறகு ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கிவிட்டுப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல். பிறகு அத்தை வந்தாள். பெரிய உடம்பு, இடுப்பில் மரியாதைக்குக் கட்டுகிற நல்ல பாய், கையில் விசிறி. வீட்டுக்குள் நடுவில் உட்கார்ந்தாள். அப்பா வாசலுக்கு வெளியே.

"தம்பி, வண்டி செவப்பா ஜோரா இருக்கே. கடைக்குச் சாமான் ஏத்தி ஏத்தி வாடகை குடுத்தே நான் தேஞ்சு போயிட்டேன்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "அது என்னோடது இல்லீங்க அக்கா" என்றார். "செமிசியோடது."

விசிறி நின்றது. அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா இளநீர் ஓட்டைக்குள் பார்த்தார். மாமாவிடம் அத்தைக்கு என்ன உரிமை? ஒன்றும் கிடையாது. அவர் அம்மாவின் தம்பி. அவரிடம் கேட்க அவளுக்கு வாய் இல்லை.

"சரி" என்றாள் அத்தை. "அப்ப வண்டியும் இல்ல. இவ எப்படிப் படிப்பா? பெட்டிய எடுத்துட்டு வா, ஹெய்லாலா."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தார். "மகாராணிக்கு எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

அப்போதுதான் புரிந்தது. மாமா தானாகக் கொடுக்க முடியாது, கொடுத்தால் அது அப்பாவிடம்தான் திரும்பி வரும், அங்கிருந்து அத்தைக்குப் போகும். அப்பாவும் கேட்க முடியாது. இந்த வீட்டில் மாமாவிடம் கேட்கிற உரிமை இருப்பது அம்மாவின் பிள்ளைகளுக்குத்தான். நான் கேட்க வேண்டும். அத்தை முன்னால். வாய் திறந்து.

அத்தை முன்னால் நான் இதுவரை 'சரி அத்தை' தவிர ஒன்றும் பேசியதில்லை. "மாமா... வண்டி..." என்றேன்.

அத்தை முன்னால் சாய்ந்தாள். குரல் தேனாகிவிட்டது. "கேளு கண்ணு. உன் மாமாதானே? வண்டிய எனக்கே குடுத்துடுங்கன்னு கேளு. முழுசா கேளு!"

'எனக்குக் குடுத்துடுங்க' என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாசலில் அப்பா தலையை நிமிர்த்தினார். அவ்வளவுதான் செய்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னுடையது ஆன அடுத்த நொடி அது அத்தையுடையது. நான் அவள் தம்பி மகள்!

விழுங்கினேன். "வேணாம் மாமா. வண்டி உங்களோடதாவே இருக்கட்டும். பள்ளிக்கூடம் இருக்கற நாள்ல மட்டும் போக வர வேணும். இந்த வருஷம் முழுக்க. அப்பா ஓட்டட்டும்."

"உத்தரவு" என்றார் மாமா. சாவியை என் கையில் தராமல் அப்பாவிடம் எறிந்தார்.

பிறகு அத்தை சிரித்தாள். உடம்பு முழுவதும் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "கள்ளி! யார் சாயல் இது? என் சாயல்! வேற யாருக்கு வரும் இந்தப் புத்தி?" கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தாள். "தம்பி, அந்தத் தாய்ப்பன்னி யாரோடது?"

"என்னோடதுங்க அக்கா."

"ஏத்து."

ஏற்றினோம். என் சிவப்பு வண்டியில், என் தரையில். அந்தப் பன்றி சினை. குட்டிகளோடு போயிற்று. வெறுங்கையோடு போகவே தெரியாதா இந்த அத்தைக்கு?

ஜனவரி 16

நேற்று எழுத முடியவில்லை. சனிக்கிழமை நடந்த மீதி:

பன்றியை இறக்க நானும் அப்பாவோடு போனேன். லெசியெலி வலைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து, "கூரைய யாருடி பிச்சது?" என்றாள். பன்றியை இறக்கியதும் ஒரு வாளித் தண்ணீரோடு பின்னால் ஏறிக் கழுவ ஆரம்பித்தாள். கழுவினாள், கழுவினாள், இறங்கவே இல்லை. அத்தை கொல்லையில் பன்றி கட்டுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நாளைக்குக் கடை மூடித்தானே இருக்கும். அம்மாவப் பாத்துட்டு வரேன்!" என்று லெசியெலி கத்தினாள். "சரி சரி" என்று பதில் வந்தது. அப்பா வண்டியை எடுத்தார். அவ்வளவு வேகமாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. தரைத் தகடு படபடவென்று அடித்தது.

ஜனவரி 18

அத்தை அம்மாவின் போனில் கூப்பிட்டாள். அப்பா எழுந்து நின்று பேசினார், போனிலும் தலையைக் குனிந்துகொண்டு.

"ஆமாங்க அக்கா. லெசியெலியக் கொண்டுவந்து விடணும்தான். ஆனா வண்டி என்னோடது இல்லீங்களே... பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் கேட்டிருக்கா... ஆமாங்க அக்கா... தப்புதாங்க அக்கா."

வைத்துவிட்டுக் கிழங்கு தோண்ட நடந்தே போனார். பள்ளி இல்லாத நாளில் வண்டி மாமா வீட்டில். தோட்டம் தூரம். திரும்பி வரும்போது மூட்டை அவர் முதுகில்தான் இருந்தது. நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு, "கனமா இருக்காப்பா?" என்றேன்.

"இல்ல" என்றார்.

பிப்ரவரி 9

லெசியெலியை எனக்கு ஒரு வகுப்பு கீழே சேர்த்திருக்கிறார்கள். என் பழைய சீருடை அவளுக்குத் தோளில் இறுக்குகிறது. அவளுடைய வகுப்பில் சிலர் 'பாட்டி' என்கிறார்களாம். நாளைக்கு நான் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

விழித்துக்கொண்டுவிட்டாள். "என்னடி, போர்வைக்குள்ள வெளிச்சம்? என்ன எழுதறே?" என்கிறாள். ஒன்றுமில்லை என்றேன். "அணைச்சுட்டுத் தள்ளிப் படு. விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுக்கணும்" என்கிறாள்.