தாக்கத்தியின் வளைவு

2007 மாசி, வெள்ளி.

தாக்கத்தியை நேராக அளப்பதா, வளைவோடு அளப்பதா என்ற தேசியப் பிரச்சினையை இன்று காலை தீர்த்துவைத்தேன். வளைவோடுதான். நூல் பிடித்து அளந்தபோது, சின்னத்தம்பி அண்ணன் கதிர் அறுக்கும் கத்தி, ஆயுதச் சட்டத்தில் சொன்ன நீளத்தை அரை அங்குலம் மீறியது.

“அப்ப வளைவ நிமித்திக் கொண்டு வரட்டா, விதானையார்?” என்று கிராம அதிகாரியான என்னிடம் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. “இவர் ஆயுதமொன்றை வைத்திருக்கலாம்” என்று அனுமதியைச் சட்டத்தின் சொல்லிலேயே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

இராணுவச் சோதனைச் சாவடியில் யாரும் கேட்கும் முன்பே கடிதத்தை நீட்டினாராம். உடன் போனவர்கள் கடிதமின்றிக் கடந்து, வட்டை வயலில் வேளாண்மை வெட்டிவிட்டு மாலையில் திரும்பினார்கள்; அவர் மட்டும் வரவில்லை.

பொழுது பட்டதும் அவர் மனைவி வந்தார். “கடிதத்துல என்ன எழுதின நீங்க?”

சொன்னேன்.

அண்ணனின் சைக்கிள் இன்னும் சாவடியில் நிற்கிறது.