அக்காவின் வாயடைத்த படலம்

மார்ச் 3

இங்கே எழுதப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவர் நம்பமாட்டார். என் மீசைமேல் ஆணை. அக்கா இன்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்!

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் நாளெல்லாம் அவளுக்குக் குமட்டல். அதற்குத் தரும் மாத்திரையும் வாந்தியோடு வெளியே வந்துவிடும். "போதும்டா, இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வரல" என்று போனமுறை சொல்லிவிட்டாள். இன்று கெஞ்சிக் கூட்டிப்போனேன். டாக்டர் புதிதாக ஒன்று தந்தார்: தபால்தலையளவு மெல்லிய படலம். நாக்கில் வைத்தால் தானே கரையும். கரையும்வரை பேசக்கூடாது.

முதல் படலத்தை ஈரக்கையால் எடுத்தேன். என் கட்டைவிரலிலேயே ஒட்டிக் கரைந்துபோயிற்று.

"உன் விரலுக்கு இனி ஜென்மத்துக்கும் வாந்தி வராதுடா."

அடுத்ததைத் துடைத்த கையால் வைத்தேன். வாய் மூடியது. பிறந்ததுமுதல் என் பொய்களைப் பாதியிலேயே வெட்டிச் சாய்த்தவள்! விடுவேனா? நடுக்கடலில் திமிங்கிலத்துக்கு நான் கடைவாய்ப்பல் பிடுங்கிய வீரத்தை அவிழ்த்துவிட்டேன். அவள் கண் உருண்டது. கை தலையணையைத் தேடியது.

கரைந்ததும் முதல் சொல்: "அதை எதால பிடுங்கினே, புளுகுமூட்டை?"

இரவு அரைக் கிண்ணம் சூப் குடித்தாள். உள்ளேயே தங்கியது.

மார்ச் 24

வரமாட்டேன் என்பாளோ? பயந்துகொண்டே அக்கா வீட்டுக்குப் போனேன். செருப்பு மாட்டி வாசலில் நிற்கிறாள்!

"மாமா, உங்க புளுகைக் கேக்கத்தான் அம்மா கிளம்பிட்டாங்க" என்றாள் அவள் மகள்.

"அவனைத் திட்டக் கிளம்பினேன்டி."

ஏப்ரல் 15

திமிங்கிலத்துக்குப் பொய்ப்பல் கட்டினேன். தலையணை பறந்து வந்து என் மூக்கில் இறங்கியது.

மே 6

இன்றோடு மருந்து ஏற்றுவது முடிந்தது. கடைசிப் படலம், கடைசிப் புளுகு: திமிங்கிலத்தை அடக்கிய அதே மாவீரன், முதல்முதலாக மருந்து ஏற்றிய அன்று அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதான். கண்ணீர் வெள்ளத்தில் கார்களெல்லாம் மிதந்தன. காவலாளி படகோட்டி வந்து டோக்கன் கேட்டான்.

படலம் எப்போதோ கரைந்திருக்கும். அக்கா வாயே திறக்கவில்லை. என் சட்டைக் காலரை மட்டும் இழுத்துச் சரிசெய்தாள்.

திரும்பும் வழியில்தான் கேட்டாள்: "அதுல எதுடா நிஜம்?"

"படகு."

"போடா."

இங்கே சொல்வதற்கென்ன? கார் மிதந்தது பொய். படகும் பொய். மற்றது — நடந்தது.