நாற்பது பிக்கோ வினாடி

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலம்தானே? ஆறு வருடம் முன்பு நீ இந்த ஆய்வகத்தில் அளந்த அதே சாயத்தை, அதே லேசர் கருவியில் இன்று அளந்தேன். லேசர் பட்டு ஒளிர்ந்து அணைய நாற்பது பிக்கோ வினாடி, வினாடியின் லட்சம் கோடியில் நாற்பது பங்கு. உன் ஆய்வேட்டில் உள்ளதேதான்! துள்ளிக் குதித்தேன். பிறகு கருவியைச் சோதிக்க, சாயத்துக்குப் பதிலாக இரண்டு சொட்டுப் பால் கலந்த தண்ணீரை வைத்தேன். அது ஒளிராது, லேசரை அந்தக் கணமே சிதறடிக்க மட்டும் செய்யும்; பூஜ்யம்தான் வரவேண்டும். அதற்கும் நாற்பது! அப்படியென்றால் அது சாயத்தின் நேரமே இல்லை, அதைவிடக் குறைவாக அளக்கத் தெரியாத கருவியின் மந்தம். அந்த எண்ணை நம்பித்தானே என் இரண்டு வருட வேலை? எங்கே தப்பு, சொல்லேன்.

உன் குட்டி

மார்ச் 9

குட்டிக்கு,

அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. நீ எப்போதுமே அவசரக்குடுக்கை. கண்ணாடிக் குப்பியில் பழைய சாயம் ஒட்டியிருக்கும், கழுவிப் பார். அதற்குள் நம் பேராசிரியரிடம் போய் உளறி வைக்காதே. நான் இங்கே கல்லூரியில் துறைத் தலைவியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அக்கா

மார்ச் 14

அக்கா,

கழுவினேன். புதுக் குப்பியும் வைத்தேன். நாற்பதுதான். பேராசிரியரிடம் சொன்னேன். "உங்க அக்கா பாலை வெச்சுப் பாக்காமயா இருந்திருப்பா? அவ நோட்டைத் தேடும்மா" என்றார்.

பீரோவில் கிடைத்தது. ஆய்வேடு கொடுப்பதற்கு நான்கு நாள் முன் தேதியிட்டு, உன் கையெழுத்தில்: "பால், 40." அடியில் இரண்டு கோடு.

"என்னம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? கிடைச்சுதா?"

"இல்ல சார்."

பொய் சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. தெரிந்தேதான், நான் இந்தச் சாயத்தை எடுக்கட்டுமா என்று கேட்டபோது "தாராளமா எடுத்துக்கோடி" என்றாயா?

மார்ச் 20

குட்டி,

ஆமாம். அன்று ஆய்வேட்டை நிறுத்தப் பயந்தேன். பிறகு, வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாயே எனப் பயந்தேன். இதில் நியாயம் ஒன்றுமில்லை. அந்த எண்ணை வைத்து வெளியிட்ட என் கட்டுரையை விலக்கிக்கொள்வதாக ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். பேராசிரியருக்கும் எழுதினேன், உன் பொய்யைப் பற்றி எழுதவில்லை, அதை நீயே சொல்லிவிடு. பதவியிலிருந்து விலகிவிட்டேன்.

அம்மாவிடமும் சொன்னேன். "சின்னவளோட ரெண்டு வருஷமாடி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

நீ பதில் போடாவிட்டாலும் கேட்க எனக்கு வாயில்லை.

அக்கா