உமைராவுக்கு ஒரு கஷ்டம் தேவை

7 ஜனவரி 2026, புதன்

இன்று முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் கரீம், மகள் உமைரா, பெங்களூரிலிருந்து வந்த ஆலோசகர் தமிழ்மணி. வேறு யாரும் இல்லை. பெயர்தான் தமிழ்மணி, பேச்சில் பாதி இங்கிலீஷ்.

உமைரா பிளஸ் டூ. வடக்கே ஒரு பெரிய கல்லூரியில் பொருளாதாரம் படிக்க ஆசை. அங்கே மார்க் மட்டும் போதாதாம். என்ன சேவை செய்தாள், என்ன கஷ்டத்தைத் தாண்டி வந்தாள் என்று கட்டுரை எழுத வேண்டுமாம். ஆலோசகர் அவள் மார்க்கைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"பாத்திரக் கடை நல்லா போவுதா சார்?"

"அல்ஹம்துலில்லாஹ், போவுதுங்க."

"குடி, கிடி...?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க."

"அப்ப ஸ்ட்ரகிளே இல்லையே சார்!"

இத்தனை வருஷம் அவளைக் கஷ்டம் தெரியாமல் வளர்த்தது எங்கள் குற்றம்.

11 ஜனவரி, ஞாயிறு

கஷ்டம் இல்லாவிட்டால் சேவையாவது வேண்டுமாம். ஏழைகளுக்குக் காய்கறி கொடுப்பது போல் போட்டோ. தக்காளி என்றால் போட்டோவில் நிறம் நன்றாக விழும் என்றார். பாலக்கோடு மண்டியில் வாங்கிப் பை பையாகக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனோம். காரை விட்டு இறங்கினால் சுற்றிலும் தக்காளித் தோட்டம். அவர் வெளியூர். இந்த ஊர்க்காரி எனக்கு எங்கே போயிற்று புத்தி?

குள்ளம்மாள் என்று ஒரு அம்மா பையைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"ஏங் கண்ணு, காலையில வெல இல்லாம ரோட்டோரம் கொட்டிட்டு வந்தமே, அதையா பொறுக்கிக் கட்டிக் கொண்டாந்தீங்க?"

உமைரா தலையைத் தூக்கவில்லை.

"அம்மா, கேமராவைக் கொஞ்சம் சோகமா பாருங்க," என்றார் ஆலோசகர்.

"எதுக்குங்க சோகம்? எங்க வூட்டுல இன்னும் ரெண்டு கூடை கெடக்குது. ரொப்பித் தர்றேன், கொண்டு போங்க."

கொடுக்கப் போனவர்கள் வாங்கிக்கொண்டு வந்தோம்.

12 ஜனவரி

கணக்கு நோட்டில் தர்மம் என்று எழுதக் கை வரவில்லை. 'போட்டோச் செலவு' என்று எழுதினேன். அல்லாஹ்வுக்குத் தெரியாதா?

20 ஜனவரி, செவ்வாய்

ஆலோசகர் எழுதி அனுப்பிய கட்டுரை வந்தது. அதில் உமைராவை அவள் அத்தா பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார். அவள் பட்டினி கிடந்து தடுக்கிறாள். தாய் எழுதப் படிக்கத் தெரியாதவள்.

அந்தத் தாய் கட்டுரையை இரண்டு தரம் படித்தாள். மகளின் பள்ளிப் புத்தகங்களை வைத்துத் தானாகக் கற்ற இங்கிலீஷ் இதற்கா உதவ வேண்டும்!

"எல்லாரும் இப்படித்தாம்மா எழுதறாங்க," என்றாள் உமைரா. "தர்மபுரின்னாலே அவங்க இதைத்தான் எதிர்பார்ப்பாங்களாம்."

"தெனம் டியூஷன் வாசல்ல நின்னு உன்னைக் கூட்டிட்டு வந்த மனுஷன்டீ உங்கத்தா. அவரை வித்துத்தான் சீட்டு வாங்கணுமா?"

"அப்ப சீட்டே வேணாம், விடுங்க!"

கதவைச் சாத்திக்கொண்டாள். இவரிடம் நான் சொல்லவில்லை. என்னன்னு சொல்றது?

23 ஜனவரி, வெள்ளி

அவளே சொல்லிவிட்டாள். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவரிடம் கட்டுரையைத் தமிழில் படித்துக் காட்டினாள். கல்யாணம் வந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். இவர் தொப்பியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு, "மாப்பிள்ளை யாருன்னு போட்டிருக்காங்களா?" என்றார்.

சிரித்தோம். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். இவர் இன்று சரியாகச் சாப்பிடவில்லை.

27 ஜனவரி, செவ்வாய்

புதிதாக எழுதித் தானே அனுப்பிவிட்டாள். குள்ளம்மாள் முன்னால் நின்ற வெட்கம், விளைந்த ஊரிலேயே தக்காளி ஏன் தெருவுக்கு வருகிறது என்று அவளுக்கு எழுந்த கேள்வி, அவ்வளவுதான்.

அவள் அனுப்பிய நகலைப் பார்த்துவிட்டு ஆலோசகர் போன் செய்தார். "இதுல ஹீரோயினே இல்லையே மேடம்! சீட்டு கெடைக்கலைன்னா என்னைச் சொல்லாதீங்க."

"கெடைச்சாலும் உங்களைச் சொல்ல மாட்டோங்க," என்றேன்.

6 மார்ச், வெள்ளி. நோன்பு

கல்லூரியிலிருந்து மெயில். காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அதே ஆலோசகர் 'கஷ்டம்' எழுதிக்கொடுத்த ஓசூர்ப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். அவரே போன் பண்ணிச் சொன்னார், சந்தோஷமாக.

உமைரா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோன்போடு பரீட்சைக்குப் படிக்கிறாள். 'உங்களாலதாம்மா' என்று திட்டிவிட்டால்கூடத் தேவலாம்.

யா அல்லாஹ், பொய்யை எடுக்கச் சொன்னவள் நான். அதற்கு அவள் விலை கொடுக்கும்படி ஆக்கிவிடாதே. கிடைக்காது என்றால் அதைத் தாங்கும் மனசையும் சேர்த்துக் கொடு. எதுவானாலும் பதிலைச் சீக்கிரம் சொல்.