டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில்

நாலு நாளாகப் பேசாத என் வீட்டுக்காரிக்கு,

இன்று முதல் இந்த வீட்டில் யாரும் டிரெய்லருக்குப் பின்னால் நின்று "வா, வா, இன்னும் வா" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை எனப் பிரகடனம் செய்கிறேன். கேட்க ஆளில்லாததால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிறேன்.

டிரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டிக்குக் கேமரா மாட்டியாயிற்று. டிரெய்லர் முதுகில் கண், வண்டிக்கு அடியில் வயர், ஸ்டீயரிங் பக்கத்தில் திரை. மூணு மணி நேரம் மல்லாந்து கிடந்து செய்த வேலை. உன் தம்பி வந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, வண்டிக்குக் குடல் வெளியே தொங்குது" என்றான். டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நிறுத்திய இடத்திலேயேதான் வண்டி நின்றது. திரையைப் போட்டதும் முதலில் தெரிந்தது சுவர். நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அதற்குள்தான் நீ நின்றிருக்கிறாய். நானோ அன்று இறங்கி வந்து, "உன்னை யாரு அங்க நிக்கச் சொன்னது?" என்று கேட்டேன். சொன்னது நான்தான்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். வண்டிச் சாவி ஆணியில் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: வரும்போதே பார்த்திருப்பாய். வண்டியை வெளியே எடுத்து, திரையைப் பார்த்தபடியே திரும்ப உள்ளே விட்டேன். டிரெய்லர் வாசல் கேட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டது. சாயங்காலம் நீ பக்கவாட்டில், என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்று சொன்னால் எடுத்துவிடலாம்.

வேலைக்கு பஸ்ஸில் போகிறேன்.